மேல்காட்டு முத்திரை

பாசல்
2 நவம்பர் 1958

அன்புள்ள அண்ணன் காட்லீபுக்கு ஹெட்விக் எழுதுவது.

நான் சுகம். குளிர் வந்ததும் கைவெடிப்பு மட்டும் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் சோடாத் தண்ணீரில் ஊறிய கை வேறெப்படி இருக்கும்? உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாயா, இல்லை அதையும் பசுமாட்டு மடிக்குத் தடவிவிட்டாயா?

செப்டம்பரில் ஊருக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நம் பக்கத்து வழக்கப்படி பண்ணை கடைக்குட்டி ஃபிரிட்ஸுக்குப் போனது. சரி, வழக்கம் வழக்கம்தான். ஆனால் மூத்தவன் நீ அப்பாவிடம் இருபது வருஷம், தம்பியிடம் இருபத்திரண்டு வருஷம் கூலியில்லாத பண்ணையாளாகக் கிடந்து, அறுபது வயதில் மாட்டுக்கொட்டகைக்கு மேலே ஒரு பொந்தில் படுத்திருக்கிறாய். அந்தச் சுவரைத் தொட்டேன். மாட்டு மூச்சின் ஈரம் விரலில் ஒட்டியது. உன் போர்வையை முகர்ந்தேன், குமட்டியது. "அவனுக்கு அங்கதான் புடிக்கும்"னு ஃபிரிட்ஸ் பல் குத்திக்கொண்டே சொன்னான் பார், அந்தப் பல்குச்சியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு மருந்துக்கடைக்காரரின் விதவை, பெரிய தோட்டம் வைத்திருக்கிறார். பழைய மரங்கள். மரம் தெரிந்த ஆள் வேண்டுமாம். அடுப்புள்ள இரண்டு அறை, தனிச் சாவி. வேலைக்காரர்கள் இடம் மாறும் பிப்ரவரி இரண்டு வரை காத்திருப்பார். உன் பேரைச் சொல்லிவிட்டேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

தம்பி மனைவி பெர்த்தாவையும் குழந்தைகளையும் விசாரித்ததாகச் சொல். ஃபிரிட்ஸை விசாரிக்கவில்லை.

உன் தங்கை
ஹெட்விக்


ஹின்டர்எக் பண்ணை
23 நவம்பர் 1958

அன்புத் தங்கை ஹெட்விக்குக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடுப்பு பரவாயில்லை. தைலம் பாதி எனக்கு, பாதி மாட்டுக்கு. இரண்டு பேருக்கும் குணம் தெரிகிறது. பெர்த்தா உன்னை விசாரித்தாள்.

மேல்காட்டில் முதல் பனி விழுந்துவிட்டது. போன வாரம் பாதையோரம் ஒரு குட்டி ஃபர் மரத்தை ஃபிரிட்ஸ் வெட்டிப் போட்டான், வண்டிக்கு இடைஞ்சலாம். என் மார்பு உயரம்தான். கோடாலிப் பிடித் தடிமன். அடித்துண்டை எடுத்து வந்து கத்தியால் சீவி, லென்ஸ் வைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு வருஷ வளையமாக எண்ணினேன். தொண்ணூற்றி நாலு. இரண்டு தடவை எண்ணினேன், சந்தேகமில்லை. நம் தாத்தா காலத்தில் முளைத்தது.

அந்த இருட்டில் ஒரு பிர்ச் பத்து வருஷம் தாங்காது, ஸ்ப்ரூஸ் நெட்டையாகி வெளிறிப்போகும். பீச் கொஞ்சம் சமாளிக்கும். ஃபர் மட்டும் மேலே போவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் கிளையை விரித்து, கிடைக்கிற வெளிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு நிற்கும். தலைக்கு மேல் இருக்கிற பெரிய மரம் சாய்ந்தால் அதற்கப்புறம்தான் வளரும். மேல்காட்டில் அப்படி அறுபத்து மூன்று குட்டிகள் இருக்கின்றன. எனக்கு எல்லாவற்றையும் தெரியும்.

கைக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு படு. சோடாத் தண்ணீரில் கையுறை போடமுடியாதா?

அண்ணன்
காட்லீப்


பாசல்
30 நவம்பர் 1958

அண்ணனுக்கு,

நலம்தான். கையுறை போட்டால் கறை போகிறதா என்று விரலுக்குத் தெரியாது.

நான் கேட்டதென்ன, நீ எழுதியதென்ன? அறை, சாவி, பிப்ரவரி இரண்டு என்று எழுதினால் தொண்ணூற்றி நாலு வளையம் என்று பதில். அந்தக் குட்டிமரம் பொறுமையாக நின்றதே என்று நான் கண்கலங்க வேண்டுமா? வெட்டிப் பாதையோரம் போட்டான் இல்லையா, அதுதான் அதன் பொறுமைக்குக் கிடைத்தது. நீ கூடவே நின்று பார்த்தாய் அல்லவா? உன் சாதுத்தனம் எனக்கு அலுத்துவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு அவன் உனக்குக் கொடுத்த காலுறையில் அவன் குதிகால் தேய்ந்த ஓட்டை இருந்தது. நான்தான் தைத்தேன். கம்பளிக்குள் அவன் தோல் செதில் இருந்தது, சீ. அதைப் போட்டுக்கொண்டு நன்றி வேறு சொன்னாய்.

விதவை நேற்றும் கேட்டார். சரி என்று எழுது.

தைலம் முழுவதும் உனக்குத்தான், மாட்டுக்கு இல்லை.

ஹெட்விக்


ஹின்டர்எக்
11 ஜனவரி 1959

அன்புத் தங்கைக்கு,

புது வருஷம் உனக்கு நோயில்லாமல் போகட்டும். இங்கே பெர்த்தாவுக்கு மட்டும் இருமல். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும், வேலை அதிகம்.

ஃபிரிட்ஸ் புது மாட்டுக்கொட்டகை கட்டுகிறான். உத்தரத்துக்கும் பலகைக்கும் மேல்காட்டில் மரம் வெட்டுகிறோம். டிசம்பரில் வனக்காவலர் கெர்பர் வந்து நம் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அவர் முட்டி இரண்டும் ரொட்டிமாவு மாதிரி வீங்கியிருக்கிறது. ஏறமுடியவில்லை. வெட்டவேண்டிய மரத்தில் அடிக்கிற முத்திரைச் சுத்தியலை உறையோடு எடுத்து என் கையில் கொடுத்தார். "அஞ்சு மரம் போதும் காட்லீப். எதுன்னு உனக்கே தெரியும்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் அந்தச் சுத்தியலை யாரிடமும் கொடுத்ததில்லை. ஃபிரிட்ஸும் மேசையில் இருந்தான்.

இன்னொன்று. அடுத்த வாரமே ஃபிரிட்ஸ் என்னை லாங்னா டவுனுக்குக் கூட்டிப்போய்ப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். பழைய கொட்டகைக்கு மேலே நான் படுக்கிற அறை நான் சாகும்வரை என்னுடையது. இனி யாரும் என்னை எழுப்பி விடமுடியாது. ஆகையால் உன் விதவையம்மாளிடம் என் நன்றியைச் சொல்லிவிடு. வேறு ஆளைப் பார்க்கச் சொல்.

கோபப்படாதே. குளிரில் வெளியே அதிகம் போகாதே.

காட்லீப்


பாசல்
15 ஜனவரி 1959

அண்ணனுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைக் கேட்காதே.

ஃபிரிட்ஸ் பத்திரம் எழுதிக் கொடுத்தானா? தன் நாய்க்குக்கூட எலும்பை நக்கிவிட்டுப் போடுகிற ஆள், உனக்குப் பத்திரம் கொடுத்தானா? அதுவும் எதை, அந்த மாட்டு மூத்திர நாற்றத்தையா? சாகும்வரை நாறுவதற்கு உரிமை வாங்கியிருக்கிறாய். இதற்கு நீ என்ன கொடுத்தாய் அண்ணா? அவன் சும்மா கொடுக்கிறவன் இல்லை.

எத்தனை மரம் வெட்டுகிறீர்கள்? ஐந்து என்று கெர்பர் சொன்னதை எழுதினாய். நீங்கள் வெட்டுவது எத்தனை என்று எழுதவில்லை. ஐந்து மரத்தில் ஒரு கொட்டகை நிற்காது, எனக்கும் அந்தப் பண்ணையில்தான் பல் முளைத்தது.

விதவையிடம் பிப்ரவரி இரண்டு வரை ஒன்றும் சொல்லமாட்டேன்.

பெர்த்தாவின் இருமலுக்குத் தேன் கொடு.

ஹெட்விக்


ஹின்டர்எக்
8 மார்ச் 1959

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். பெர்த்தா இருமல் நின்றுவிட்டது. உனக்குக் கை எப்படி?

வெட்டு முடிந்தது. பனி உறைந்திருந்ததால் குதிரை சுலபமாக இழுத்துவிட்டது. பழுப்புக் குதிரைக்குத் தோளில் புண், அதற்குத்தான் தைலம் போய்விட்டது. கொட்டகைக்கு வேண்டிய மரம் இறங்கிவிட்டது. மேல்காடு இப்போது வெளிச்சமாக இருக்கிறது. அங்கிருந்து எதிர்மலை தெரிகிறது, இதற்குமுன் தெரிந்ததில்லை.

ஃபிரிட்ஸ் சொல்வதும் ஒருவிதத்தில் சரிதான். "குட்டிங்களுக்கு வெளிச்சம் கெடச்சா சந்தோசமா வளரும், அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற" என்கிறான். தொண்ணூறு வருஷம் காத்திருந்தவை அல்லவா.

ஈஸ்டருக்கு வருவதாக எழுதியிருந்தாய். வழுக்கும், நல்ல பூட்ஸ் போட்டு வா. மேல்காட்டுக்கு ஏறவேண்டாம், சேறு.

காட்லீப்


பாசல்
5 ஏப்ரல் 1959

அண்ணனுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். பெர்த்தா கட்டிக் கொடுத்த பின்னல் ரொட்டி மூன்று நாள் வந்தது. அவளுக்கு என் நன்றி.

நீ ஏறவேண்டாம் என்றாய், நான் ஏறினேன். ஞாயிறு மத்தியானம் நீங்கள் தூங்கும்போது தனியாகப் போனேன். அடிக்கட்டைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. பிசின் வழிந்து சாக்கடைபோல் கிடக்கிறது. அந்தப் பெரிய மரங்களுக்கு அடியில் நாம் சின்ன வயதில் மழைக்கு ஒதுங்குவோம், ஒரு சொட்டு விழாது. அங்கே நின்றபோது வெயில் மண்டையைச் சுட்டது. எனக்கு வாந்தி வந்தது. உண்மையாகவே எடுத்தேன், ஒரு கட்டைக்குப் பின்னால்.

ஒவ்வொரு கட்டையிலும் வேர்ப்பக்கம் குனிந்து பார்த்தேன். கெர்பரின் முத்திரை இருந்தது. நாற்பத்தொன்றிலும்.

அன்று காலையில் சர்ச் வாசலில் கெர்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கோல் ஊன்றி நின்றார். "அஞ்சு மரமும் நல்லபடியா எறங்குச்சா ஹெட்விக்? உங்க அண்ணன் கையில குடுத்துட்டா நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜனவரியிலிருந்து கேட்கிறேன், இப்போது நேராகக் கேட்கிறேன். அந்தச் சுத்தியலை அடித்தது யார்?

பிப்ரவரியிலேயே விதவைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெட்விக்


ஹின்டர்எக்
19 ஜூலை 1959

தங்கை ஹெட்விக்குக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நான்தான் அடித்தேன்.

கெர்பர் போனதும் ஃபிரிட்ஸ் சொன்னான்: "நாப்பது மரத்துல அடி. அறைய உன் பேருக்கு எழுதித் தர்றேன்." நான் முடியாது என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஏறினேன். மார்பு உயரத்தில் ஒன்று, வேரில் ஒன்று. எண்பத்திரண்டு அடி. நாற்பத்தொன்றாவது அவன் கேட்டதே இல்லை. கை ஓடிக்கொண்டிருந்தது, அடித்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். நீ தனிச் சாவி என்று எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குப் பயம். பாசலில் உன்னைத் தவிர யாரையும் தெரியாது, டிராமில் ஏறத் தெரியாது. பத்திரம் கையில் இருந்தால் உன்னிடம் வரமாட்டேன் என்று சொல்ல ஒரு சாக்கு இருக்கும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் வெட்டினேன்.

இந்தக் கோடை மழையே இல்லை. குட்டிகள் சிவக்கின்றன. நிழலில் வந்த ஊசியிலை மெல்லிசு, தட்டை. அதற்கு முழு வெயில் ஆகாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும். இந்த வருஷம் மேலே ஒரு மரம், ஆறு வருஷம் கழித்து இன்னொன்று. அதற்குள் புது இலை வந்து பழகிவிடும். நம் ஊரில் பால் கறக்கிற குழந்தைக்கும் இது தெரியும். நான் தெரியாமல் செய்யவில்லை. அறுபத்து மூன்றில் நாற்பத்தெட்டு போய்விட்டது. தொட்டால் ஊசி கொட்டுகிறது. முட்செடி இடுப்புவரை ஏறிவிட்டது, அதன் பழத்தில் ஈ மொய்க்கிறது. எனக்கு என் கையைப் பார்க்கவே கூசுகிறது.

நீ என்னை அந்த மரங்களோடு சேர்த்துப் பேசுவாய், எனக்குத் தெரியும். சேர்க்காதே. மரம் நின்ற இடத்தில் நின்றது. நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கைக்கு வெண்ணெய் தடவு.

காட்லீப்


பாசல்
22 ஜூலை 1959

காட்லீபுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

இந்தச் சலவைக்கூடத்தில் சீழ், ரத்தம், பேறுகாலத் துணி, செத்தவன் கடைசியாக நனைத்த படுக்கைவிரிப்பு எல்லாம் இந்தக் கையால் கசக்கியிருக்கிறேன். ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. உன் கடிதத்தைக் கொதிதொட்டி இடுக்கியால் பிடித்து அடுப்பில் போட்டேன்.

ஃபிரிட்ஸை இத்தனை வருஷம் திட்டினேன். அவன் அட்டை, அட்டை ரத்தம்தான் குடிக்கும். உன்மேல் எனக்கு வருகிற அருவருப்பு அவன்மேல் வந்ததைவிடப் பெரியது. ஏனென்றால் உன்னை நான் நல்லவன் என்று நம்பினேன். அந்த முட்டிவீங்கிய மனுஷனும் நம்பினார். அவர் இன்னும் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அவரிடம் சொல்லிவிட்டாயா? சொல்லவில்லை, எனக்குத் தெரியும். சொல்லும்வரை எனக்கு எழுதாதே. உன் இடுப்பைப் பற்றியும் எழுதாதே.

ஹெட்விக்


ஹின்டர்எக்
4 அக்டோபர் 1959

தங்கைக்கு,

உன் சுகத்தைக் கேட்க எனக்கு இப்போது உரிமை உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சொல்லிவிட்டேன். போன மாதம் ஒரு திங்கள்கிழமை காலை, பாலாடைக்கட்டி ஆலை வாசலில். எல்லாப் பண்ணைக்காரர்களும் பால்கேனோடு வரிசையில் நின்ற நேரம். கெர்பர் பாலாடைக்கட்டி வாங்க வந்திருந்தார். பால் நிறுக்கிற மேடையில், இன்னும் என்னிடமே இருந்த சுத்தியலை உறையோடு வைத்தேன். மேல்காட்டில் நாற்பத்தொரு மரத்துக்கு முத்திரை அடித்தவன் நான் என்றேன். கெர்பர் கோலை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சுன்னு சொன்னேனே காட்லீப்."

"ஆமா."

"உன் வெட்டைப் போயி எண்ணிப் பாக்கணும்னு எனக்கு ஒரு நாளும் தோணல." அவ்வளவுதான் சொன்னார். சுத்தியலை எடுக்கக் குனியமுடியாமல் திணறினார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஆலைக்காரரைக் கூப்பிட்டார். வரிசையில் ஒருத்தன் துப்பினான், என் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது. மேலிடத்துக்கு எழுதினார்கள், உத்தரவும் வந்துவிட்டது. ஃபிரிட்ஸ் மறுநடவு செய்யவேண்டும், இருபது வருஷம் மேல்காட்டில் கோடாலி வைக்கக்கூடாது.

அன்று வீட்டு வாசலில் ஃபிரிட்ஸ் சொன்னான்: "பத்திரத்துல அறைதான் எழுதியிருக்கு. சோறு எழுதல." மறுநாளிலிருந்து மேசையில் எனக்குத் தட்டு இல்லை. பெர்த்தா ஏப்ரனுக்குள் ரொட்டி வைத்துக்கொண்டு வருகிறாள். அதை மாட்டுக்கு நடுவே நின்று தின்கிறேன். அதுவும் சரிதான் என்று படுகிறது.

உயிரோடிருக்கிற பதினைந்து குட்டிகளுக்கும் தெற்குப் பக்கம் ஸ்ப்ரூஸ் கிளையால் தட்டி கட்டினேன். வருஷத்துக்கு அதிலிருந்து இரண்டு கிளை உருவவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆறேழு வருஷத்தில் தட்டி இல்லாமல் நிற்கும். பெர்த்தாவை அழைத்துப்போய்க் காட்டிக்கொடுத்தேன். "நான் பாத்துக்கறேன், அவருக்கு அங்க ஏற மூஞ்சி இல்ல" என்றாள்.

பத்திரத்தை அறைக்கதவில் ஆணியடித்துவிட்டேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

விதவைக்கு ஆள் கிடைத்துவிட்டதை எழுதியிருந்தாய். மறக்கவில்லை. இருந்தாலும் வேறு ஏதாவது, எதுவானாலும், இருக்கிறதா என்று கேட்கிறேன். இல்லையென்றாலும் பதில் எழுது.

காட்லீப்


பாசல்
7 அக்டோபர் 1959

அண்ணனுக்கு,

நான் சுகம். இடுப்பு எப்படி என்று எழுதாமல் விட்டுவிட்டாய்.

விதவையின் தோட்டத்துக்கு வந்தவன் வேலியை எல்லாம் மொட்டை அடித்துவிட்டு இன்னும் அங்கேயே இருக்கிறான். அந்த இடம் போனது போனதுதான். இங்கே சலவைக்கூடத்துக் கொதிகலனுக்கு விறகு போட ஒரு ஆள் வேண்டும். பீச் விறகு, ஸ்ப்ரூஸ் விறகு, சிலநாள் ஃபரும் வரும். பிளந்த மரத்தை நாள் முழுக்க நெருப்பில் போடவேண்டும். உனக்கு அது கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்.

என்னிடம் ஒரே அறைதான். நீ சமையலறை பெஞ்சில் படு. ஜன்னல் உள்முற்றத்தைப் பார்த்தது, மத்தியானம் அரைமணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். சாவி ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வெட்டக் கொடுத்திருக்கிறேன். தட்டும் ஒன்று வாங்கினேன்.

உன்மேல் இருக்கிற அருவருப்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. நாம் இரண்டு பேரும் அதோடுதான் உட்கார்ந்து சாப்பிடப்போகிறோம்.

அந்தப் போர்வையைக் கொண்டுவராதே. ஒருத்தன் உன் பூட்ஸ் பக்கத்தில் துப்பினான் என்றாயே, நன்றாகக் கழுவிப் போட்டுக்கொண்டு வா. பெர்த்தாவுக்கு என் அன்பு.

எந்த ரயில் என்று எழுது. உனக்கு டிராம் ஏறத் தெரியாது, ஆகவே ஸ்டேஷனுக்கு வருவேன். பேசமாட்டேன்.

ஹெட்விக்